சின்னக் கைகளுக்குக் கார்த்திகை

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கார்த்திகை இரண்டு முறை வருகிறது. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் தீபாவளி அமாவாசை கழிந்ததும் கார்த்திகை மாதம் பிறந்துவிடும். அடுத்த அமாவாசையோடு முடியும். தமிழ்ப் பஞ்சாங்கத்திலோ சூரியன் விருச்சிக ராசியில் நுழையும் நாளில், அதாவது நவம்பர் 16 அல்லது 17 வாக்கில்தான் மாதம் பிறக்கிறது. அதனால் தெலுங்கர்களின் கார்த்திகைப் பௌர்ணமியும் தமிழர்களின் திருக்கார்த்திகையும் சில ஆண்டுகளில் சேர்ந்து வரும். சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு மாதம் விலகி நிற்கும். 2023இல் இரண்டும் நவம்பர் கடைசியில் சேர்ந்தே வந்தன. 2024இல் பௌர்ணமி நவம்பர் 15, தீபம் டிசம்பர் 13. 2025இல் நவம்பர் 5, டிசம்பர் 3. 2026இல் மறுபடி இரண்டும் நவம்பர் 24இல் கூடுகின்றன.

இந்த இரட்டைக் கணக்குக்கு வரலாறு உண்டு. சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவானது. அதன் பெரும்பகுதி அதற்கு முன் வடஆர்க்காட்டோடு இருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் பக்கத்துத் தமிழ் வீடுகள் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, அண்டை வீட்டில் தெலுங்கு என்று வளரும் குழந்தைக்கு இரண்டு கார்த்திகையும் தன்னுடையவைதான்.

பெரியவர்களுக்கு இது தேதிக் குழப்பமாகத் தோன்றலாம். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இது நல்வாய்ப்பு. ஒரே இரவில் கோவில், கூட்டம், புகை, பலகாரம், பட்டுடை எல்லாம் வந்து விழுந்தால் சின்னக் குழந்தை சோர்ந்து அழும்; எட்டு மணிக்குள் தூங்கியும்விடும். தினமும் பத்து நிமிடம், ஒரே இடம், ஒரே வேலை என்று ஒரு மாதம் நடக்கும் திருவிழாதான் அதன் மனத்தில் தங்கும். இந்த அத்தியாயம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது.

எந்த வயதுக்கு எந்த வேலை

நவம்பர் இறுதியில் திருப்பதியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. இது குழந்தைகளுக்கு மிகவும் தோதான நேரம். பசிக்கும் முன், தூக்கம் வரும் முன். திருக்கார்த்திகை ஆந்திரத்தில் பொது விடுமுறை அல்ல. ஆகவே பள்ளி விட்டு வந்ததும் கை கால் கழுவி, ஏதாவது சாப்பிடக் கொடுத்து, பிறகு விளக்கு என்று வரிசை வைத்துக்கொள்வது நல்லது. பசியோடு இருக்கும் குழந்தையைப் பூஜையறையில் உட்கார வைப்பதில் பயனில்லை.

இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் இருந்து பார்த்தால் போதும். அதற்கு மணி ஓசை ஒன்று, சுடரைப் பார்ப்பது ஒன்று. இரண்டிலிருந்து நான்கு வயது வரை வேலை கொடுக்கலாம்: கோலத்தின் புள்ளிகளில் ஏற்றாத அகல்களை வைப்பது, உருட்டிய திரியை அகலில் படுக்க வைப்பது, சின்னக் கரண்டியால் எண்ணெய் விடுவது. எண்ணெய் சிந்தும், பரவாயில்லை, அடியில் ஒரு வாழையிலையோ பழைய செய்தித்தாளோ விரித்தால் முடிந்தது. பஞ்சை உள்ளங்கையில் வைத்துத் திரி உருட்ட மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட வரும். முதல் நாள் திரி புழு மாதிரி இருக்கும். பத்தாவது நாள் நேராகிவிடும்.

நான்கு வயது முதல் ஏற்றவும் விடலாம். தீப்பெட்டி வேண்டாம். பூஜையறைக் குத்துவிளக்கைப் பெரியவர் ஏற்ற வேண்டும். அதிலிருந்து ஒரு நீண்ட ஊதுவத்தியில் சுடர் எடுத்து, குழந்தையின் கைமேல் தன் கையை வைத்து அகலுக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தை அகலின் ஒரு பக்கம் நின்று எதிர்ப்பக்கத்துத் திரியை எட்டிப் பிடிக்கும்படி விடக்கூடாது; தன் பக்கத்துத் திரியைத்தான் ஏற்ற வேண்டும். ஏழெட்டு வயதில் தன் விளக்கைத் தானே ஏற்றலாம், பெரியவர் ஒரு கை எட்டும் தூரத்தில் நிற்க.

மின்கல விளக்குகள் இப்போது சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. மாடிக் கைப்பிடிச் சுவர், அடுக்ககப் படிக்கட்டு போன்ற இடங்களுக்கு அவை சரியானவை. வீடு முழுவதும் அவற்றையே வைத்துவிடுவது சரியல்ல. நெருப்பை மரியாதையோடு கையாளக் குழந்தை கற்றுக்கொள்ள ஆண்டில் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இதுதான்.

ஆறு நாள், ஆறு விளக்கு

நாள் எண்ணிக் காத்திருப்பது குழந்தைக்குப் பண்டிகையின் பாதி. யூதர்களின் ஹனுக்கா திருவிழா இதை அழகாகச் செய்கிறது. கி.மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீட்டு மறுபடி அர்ப்பணித்ததன் நினைவாக எட்டு இரவுகள் விளக்கேற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு மட்டும் இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது அவர்கள் மரபுக்கதை. முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று கூடிக்கொண்டே போய் எட்டாம் இரவில் எட்டு எரியும். தண்டில் ஒன்பதாவதாக ஒரு துணை விளக்கு உண்டு. அதைக் கொண்டுதான் மற்றவற்றை ஏற்றுவார்கள். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடை, நான்கு பக்கப் பம்பரம் என்று குழந்தைகளுக்கான பங்கும் அதில் பெரிது. கொச்சியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த யூதர்கள் இதைக் கொண்டாடினார்கள். ஆந்திரத்திலேயே குண்டூர் மாவட்டம் சேப்ரோலு அருகில் கொத்தரெட்டிபாளையத்தில் தெலுங்கு பேசும் பெனே எப்ராயிம் சமூகத்தார் இருக்கிறார்கள். அவர்களும் யூத மரபைப் பின்பற்றுகிறார்கள்.

இப்படி ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை கார்த்திகைக்கும் பொருந்தும், அதுவும் நம் கதையை வைத்தே. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். திருக்கார்த்திகைக்கு ஐந்து நாள் முன்பு ஒரு அகல், மறுநாள் இரண்டு என்று தொடங்கினால் தீபத்தன்று ஆறாவது விளக்கு வந்து சேரும். டிசம்பர் 3 அன்று தீபம் என்றால் நவம்பர் 28 அன்று முதல் விளக்கு. ஆறு நாளில் மொத்தம் இருபத்தொன்று. கூட்டத் தெரிந்த குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும். துணை விளக்குக்கு நம் வீட்டில் குத்துவிளக்கு இருக்கவே இருக்கிறது. நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 விளக்கு வைக்கும் வீடுகள் தீபத்தன்று அந்த வழக்கப்படியே வைக்கலாம்; குழந்தையின் ஆறும் அதில் அடங்கும்.

ஹனுக்காவில் இன்னொரு நல்ல வழக்கம்: விளக்கு எரியும் முதல் அரைமணி நேரம் வேலை எதையும் தொடாமல் அருகே இருப்பது. கார்த்திகையிலும் கதை சொல்ல அதுதான் நேரம். அண்ணாமலையாரின் அடிமுடி தேடிய கதை, பன்றியும் அன்னமும் வருவதால், மூன்று வயதிலேயே பிடிக்கும். ஆறு தாமரையில் ஆறு குழந்தைகள் கிடந்து ஒன்றான கதை அதைவிடப் பிடிக்கும். பாட்டி தமிழில் சொன்னதை மாடி வீட்டு அவ்வா தெலுங்கில் வேறு மாதிரிச் சொல்வார், இரண்டையும் கேட்கட்டும். இந்த விளக்கீடு மிகப் பழையது என்பதையும் பெரிய குழந்தைகளுக்குச் சொல்லலாம். அகநானூற்றில் நக்கீரர் பாடிய 141ஆம் பாட்டிலும், ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் கார்த்திகை விளக்கு வருகிறது.

அகல், மாவிளக்கு, நெல்லி விளக்கு

புது அகலை வாங்கியதும் தண்ணீரில் சில மணி நேரம் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயை மண் குடித்துக்கொண்டே இருக்கும். ஊறும்போது அகலிலிருந்து குமிழி வருவதைக் குழந்தைகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடி ஆடாமல் தட்டையாக நிற்கும் அகலாகப் பார்த்து வாங்குவது நல்லது. கடையில் கிடைக்கும் கலப்புத் தீப எண்ணெயைவிட நல்லெண்ணெய் மேல். குழந்தை விரலை நக்கினாலும் கவலை இல்லை.

குழந்தைக்கு என்று ஒரே ஒரு விளக்கு செய்வதானால் அது மாவிளக்காக இருக்கட்டும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி இடித்த ஈரமாவு ஒரு கப். பொடித்த வெல்லம் அரைக் கப்புக்குச் சற்றுக் கூட. ஏலப்பொடி ஒரு சிட்டிகை. நெய் ஒரு கரண்டி. வெல்லத்தின் ஈரத்திலேயே மாவு சேரும். தண்ணீர் தேவையானால் சொட்டுச் சொட்டாகத் தெளிக்கலாம். கரும்பு விளையும் சித்தூர்ப் பக்கத்தில் வெல்லத்துக்குக் குறைவில்லை. பிசைவதும் உருட்டுவதும் நடுவில் பெருவிரலால் குழிப்பதும் முழுக்கக் குழந்தையின் வேலை. நெய்யில் நனைத்த திரி போட்டு ஏற்றி, மலையேறியதும் கருகிய இடத்தைக் கிள்ளிவிட்டு அதையே பிரசாதமாகத் தின்னலாம். தெலுங்கு வீடுகளில் நாகுல சவிதிக்குச் செய்யும் சலிமிடிக்கும் இதே மாவுதான் என்பதால், அன்று அண்டை வீட்டில் பிசைந்த குழந்தைக்கு இது பழகிய வேலையாகவே இருக்கும்.

தெலுங்குக் கார்த்திகையில் நெல்லிக்காய் விளக்கு சிறப்பு. பெரிய நெல்லிக்காயின் தலைப்பக்கத்தைக் கத்தியால் குடைந்து நெய்த்திரி வைப்பார்கள். குடைவது பெரியவர் வேலை. நெய் விடுவது குழந்தையின் வேலை. பௌர்ணமியன்று ஏற்றும் 365 வத்திக் கட்டைக் குழந்தையின் கையில் தரவே கூடாது. நெய்யில் ஊறிய அந்தக் கட்டு ஒரே நேரத்தில் பற்றித் தீப்பந்தம்போல எழும், புகையும் அதிகம். வாசலில், அகன்ற மண்தட்டில், குழந்தையிலிருந்து ஆறடி தள்ளி ஏற்ற வேண்டும்.

தீயும் கற்பூரமும்

பட்டுப்பாவாடை என்று விற்கப்படுபவற்றில் பல செயற்கை இழை. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விளக்கேற்றும் நேரத்தில் உடம்போடு ஒட்டிய பருத்தி உடையே வேண்டும். தாவணி, தொங்கும் துப்பட்டா, விரித்த முடி வேண்டாம். படம் எடுக்கப் பட்டு உடுத்த வேண்டுமானால் விளக்கேற்றிய பிறகு உடுத்தலாம். வாசற்படியின் இருபுறமும் வைக்கும் விளக்கில்தான் ஓடிவரும் குழந்தைகளின் பாவாடை நுனி படுகிறது. அவற்றை மாடத்துக்கோ துளசி மாடத்தின் திண்டுக்கோ உயர்த்திவிடலாம். திரைச்சீலையை அன்று முடிச்சுப் போட்டுவிட வேண்டும். அருகில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். தீபாவளிக்கு மிச்சம் வைத்த மத்தாப்பைக் கார்த்திகைக்குக் கொளுத்தும் வீடுகளில், எரிந்த கம்பியை உடனே தண்ணீரில் போடும் வழக்கம் வேண்டும். வெறுங்காலில் ஓடும் குழந்தை மிதிப்பது அந்தக் கம்பியைத்தான்.

பெற்றோர் பலர் நெருப்பை நினைத்துப் பயப்படும் அளவுக்குக் கற்பூரத்தை நினைப்பதில்லை. வில்லைக் கற்பூரம் கல்கண்டுபோலவே இருக்கும். கைக்குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். மாதம் முழுவதும் பூஜைத்தட்டு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிற காலம் இது. கற்பூரம் மட்டும் மூடி இறுகிய டப்பாவில், உயரத்தில் இருக்க வேண்டும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கை சுட்டுக்கொண்டால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். 20 நிமிடம் என்பது அழும் குழந்தையோடு மிக நீண்ட நேரம். ஆனாலும் குறைக்கக் கூடாது. குளிர்காலத்தில் உடம்பின் மற்ற பகுதியைத் துணியால் மூடிக்கொள்ளலாம். பற்பசை, பேனா மை, மஞ்சள், இட்லி மாவு, ஐஸ் எதையும் வைக்கக் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்ற வேண்டும். குழந்தையின் உள்ளங்கையை விடப் பெரிய காயம், முகத்திலோ கையிலோ பிறப்புறுப்பிலோ பட்ட காயம், கொப்புளித்த காயம் என்றால் 108ஐ அழைப்பதோ, திருப்பதி ருயா, சித்தூர் அரசு மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேரே போவதோதான் வழி.

பொரி

கார்த்திகைப் பொரி என்றால் நெற்பொரியும் அவல்பொரியும். வெல்லப்பாகு கம்பிப் பதம் தாண்டி, தண்ணீரில் விட்டால் உருண்டு தட்டில் போட்டதும் ஓசை கேட்கும் பதம் வர வேண்டும். அந்தப் பாகு கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு. தோலில் ஒட்டினால் விடாது. ஆகவே உருண்டை பிடிக்கும் நேரத்தில் குழந்தை அடுப்பங்கரையில் இருக்கக் கூடாது. பொரியில் உமி பொறுக்குவதும், தேங்காய்ப் பல்லை எண்ணிப் போடுவதும் அதற்கு முன்பே முடியும் வேலைகள். அப்பமும் வெல்ல அடையும் வழக்கம்போல.

நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொரி உருண்டையும் வேர்க்கடலையும் ஆகாது. மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு மாவிளக்கும் மெத்தென்ற அப்பமும் போதும். சகோதரிகளுக்குக் கார்த்திகைச் சீர் கொடுக்கும் வீடுகளில், தம்பி தன் கையால் அக்காவுக்கு ஒரு தட்டுப் பொரி கொண்டுபோய்க் கொடுப்பதைக் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கலாம். அண்டை வீட்டுக்கு விளக்கும் பொரியும் கொண்டுபோகும் வேலையும் குழந்தையுடையதே.

வெளியே போகும்போது

திருவண்ணாமலையில் 2668 அடி உயர மலைமேல் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏறும்போது தொலைக்காட்சி நேரலையாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டு விளக்கை ஏற்றுவது பல தமிழ் வீடுகளின் வழக்கம். சின்னக் குழந்தைகளுக்கு இதுவே சிறந்த தரிசனம். அன்றைய கிரிவலக் கூட்டத்துக்கு அவர்களைக் கொண்டுபோகக் கூடாது. உள்ளூரிலும் அப்படியே. திருமலையின் கார்த்திகைப் பர்வ தீபோற்சவத்துக்கும், கபிலதீர்த்தத்துக் கபிலேசுவரர் கோவிலுக்கும், கார்த்திகைச் சோமவாரத்துக் காளஹஸ்திக்கும் கூட்டம் அலைமோதும். கபிலதீர்த்தம் குழந்தைகள் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் சாதாரண நாளில், காலையில், மழை விட்டபின். வடகிழக்குப் பருவமழையில் அங்கே அருவி எப்படிப் பொங்கும் என்பதை 2021 நவம்பர் வெள்ளம் காட்டியது.

திருச்சானூர்ப் பத்மாவதி தாயாரின் கார்த்திகை பிரம்மோற்சவம் ஒன்பது நாள். 2024இல் நவம்பர் 28 முதல் டிசம்பர் 6 வரையும், 2025இல் நவம்பர் 17 முதல் 25 வரையும் நடந்தது. மாலை கஜ வாகனம் குழந்தைகளுக்கு மிகப் பிடிக்கும்; தாத்தாவின் தோளில் உட்கார்ந்து மாடவீதியின் ஓரத்தில் இருந்து பார்த்தால் போதும். கடைசி நாள் பஞ்சமி தீர்த்தத்தன்று குளக்கரைக்குக் குழந்தையோடு போகவே வேண்டாம். எங்கே போனாலும் குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

கோவில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவதும், சிவன் கோவில்களில் வைக்கோல் சுற்றிய ஜ்வாலா தோரணம் எரிவதும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியவை. தோரணத்தின் கீழே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழையக் கூடாது. வடஆர்க்காட்டுக் கிராமங்களின் மாவலி இன்னும் அங்கங்கே இருக்கிறது. ஆண் பனையின் பாளையைக் கருக்கித் தூளாக்கி, துணியில் பொதிந்து, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவே கட்டி, கயிற்றில் சுழற்றினால் பொறி பூவாகச் சொரியும். இந்தத் தலைமுறைக் குழந்தைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. சுழற்றுவது வளர்ந்த பிள்ளைகளின் வேலை. சின்னவர்கள் இருபதடி தள்ளி, காற்று வீசும் பக்கமாக இல்லாமல் நிற்கட்டும்.

தெலுங்குக் கார்த்திகை தரும் அருமையான நாள் வனபோஜனம். நெல்லி மரத்தடியில் கூடிச் சமைத்தோ கட்டுச்சோறு கொண்டுபோயோ உண்பார்கள். திருமலையில் பார்வேட்டை மண்டபத்தில் தேவஸ்தானமே இதை நடத்துவதுண்டு. தீ இல்லை, இரவு இல்லை, ஓட இடம் உண்டு. தமிழ் வீடுகளும் தயங்காமல் சேர்ந்துகொள்ளலாம். மாதம் முடிந்த மறுநாள் போலி பாட்யமி. விடியற்காலையில் வாழைமட்டையில் விளக்கு வைத்து நீரில் விடுவார்கள். குளத்துக்குப் போகாமல் வீட்டு முற்றத்தில் ஒரு அகன்ற அண்டாவில் தண்ணீர் நிரப்பியும் விடலாம். விளக்கு அணைந்ததும் அண்டாவைக் கவிழ்த்துவிட வேண்டும். தவழும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரும் ஆபத்து.

தீபத்துக்குப் பிறகு

தீபத்தன்று முழுநிலவு கார்த்திகை நட்சத்திரத்தின் அருகிலேயே நிற்கும். அந்த வெளிச்சத்தில் மீன்கூட்டம் தெரியாது. நான்கைந்து நாள் கழித்து நிலவு ஒன்பது மணிக்கு மேல்தான் எழும் என்பதால், ஏழரை மணிக்கு மேகமில்லாத கிழக்கு வானில் சிறு கொத்தாக அந்த ஆறு மீனையும் காட்டலாம். தெருவிளக்கு படாத மொட்டைமாடி வேண்டும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். குழந்தைக்கு எத்தனை தெரிகிறது என்று அதுவே எண்ணிச் சொல்லட்டும், திருத்த வேண்டாம்.

தீபத்துக்கு மறுநாள் குப்பைக் கார்த்திகைக்குக் கொல்லையிலும் மாட்டுக்கொட்டகையிலும் குப்பைமேட்டிலும் ஒவ்வொரு அகல் வைப்பார்கள். குப்பைமேட்டில் உலர்ந்த சருகு இருந்தால் நடுவில் செங்கல் ஒன்றை வைத்து அதன்மேல் ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் அகல்களைச் சூடான தண்ணீரில் சீயக்காய்த் தூள் போட்டு ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி வைக்கலாம். குழந்தை ஏற்றிய ஆறு அகல்களைத் தனியே சுற்றி அதன் பெயரை எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு தேடாமல் கிடைக்கும்.